‘எவ்ரிஒன்’ என்றால் யார் யார்?

ஆங்கிலத்தில் எவ்ரிஒன், எனிஒன், சம்ஒன், நோஒன் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. இன்னார் என்று சுட்டாமல் ஆளைக் குறிக்கும் பிரதிப்பெயர்கள். முதலாண்டு மாணவிகளுக்கு இவற்றை நடத்தும்போது, இவை எந்த வினையடைகளோடு சேரும், எவற்றோடு சேராது என்பதில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். ‘ஆல்மோஸ்ட் எவ்ரிஒன்’ என்கிறோம். ‘ஆல்மோஸ்ட் நோஒன்’ என்கிறோம். ‘ஆல்மோஸ்ட் சம்ஒன்’ என்று யாரும் பேசுவதில்லை. ‘ஏறக்குறைய’ என்று சொல்ல ஒரு விளிம்பு வேண்டும். எல்லோரும் என்பது ஒரு விளிம்பு, ஒருவருமில்லை என்பது மறு விளிம்பு. யாரோ ஒருவர் நடுவில் எங்கோ நிற்பவர். ‘எல்ஸ்’ என்ற சொல்லின் வேலை வேறு. அது இந்தக் குடும்பத்தில் எதனோடும் ஒட்டும், ஆனால் பின்னால்தான் ஒட்டும். ‘எவ்ரிஒன் எல்ஸ்’ என்றதும், அதற்கு முன்பே யாரோ கோடு போட்டுவிட்டார்கள் என்று தெரிந்துவிடும்.

‘ஆல்மோஸ்ட்’ அச்சில் இல்லாமலேயே அது இருப்பதாகப் பெரியவர்கள் படித்துக்கொண்ட ஒரு நீண்ட காலம் உண்டு. எல்லோரும் என்று எழுதியிருக்கும். பெண்கள் அதில் இருக்கிறார்களா என்பது வேறெங்கோ முடிவாகும்.

இலக்கணத்திலிருந்து தொடங்குகிறேன். எவ்ரிஒன் என்று ஆரம்பித்த வாக்கியத்தில், பின்னால் அவரைத் திரும்பக் குறிக்க என்ன சொல் போடுவது? 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலம் பேசியவர்கள் ‘தே’ என்று போட்டார்கள். ஷேக்ஸ்பியரிடம் அது இருக்கிறது. ஜேன் ஆஸ்டின் நாவல்களில் நிறைய இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில்தான் இலக்கணக்காரர்கள் இதைக் குற்றமாக்கினார்கள். எவ்ரிஒன் ஒருமை, தே பன்மை, ஆகவே பிழை. ‘ஹி’ என்று போடு என்றார்கள். ஆண்பால் சொல் இருபாலுக்கும் பொதுவாக நிற்கும் என்று முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் பெண் என்பது இந்தக் கதையின் வேடிக்கை. நியூகாஸிலில் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர், 18ஆம் நூற்றாண்டின் நடுவில் தன் இலக்கண நூலில் அப்படிச் சொன்னார். ஆங்கிலத்தின் மேல் லத்தீன் விதிகளைத் திணிக்காதீர்கள் என்று வாதாடியவரும் அவரேதான். அவரை மட்டும் பிடித்து வைத்துத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அந்த விதியைப் பள்ளிப் பிள்ளைகளின் தலைக்குள் ஏற்றியவர்கள் அவருக்குப் பின் வந்த லிண்ட்லி மர்ரே போன்றவர்கள்.

1975இல் ஆன் போடின் என்ற ஆய்வாளர் இந்த விதியின் முடிச்சைக் கட்டுரையாக அவிழ்த்தார். ‘தே’ போட்டால் எண்ணில் பொருந்தாது. ‘ஹி’ போட்டால் பாலில் பொருந்தாது. இரண்டில் ஒன்றை மட்டும் பிழை என்று முடிவு செய்தது மொழி அல்ல, ஆட்கள்.

இலக்கணத்தோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: இனிமேல் சட்டங்களில் ஆண்பால் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும், மாறாகச் சொல்லப்பட்டிருந்தால் தவிர. காகிதமும் மையும் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். 1867இல் வாக்குரிமைச் சீர்திருத்த மசோதா வந்தபோது அதில் ‘மேன்’ என்ற சொல் இருந்தது. அதை ‘பெர்சன்’ என்று மாற்றச் சொல்லி ஜான் ஸ்டூவர்ட் மில் திருத்தம் கொண்டுவந்தார். 73 பேர் ஆதரித்தார்கள், 196 பேர் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘மேன்’ என்றால் நாங்களும்தானே என்று வாக்காளர் பட்டியலில் இடம் கேட்டார்கள். சோர்ல்டன் எதிர் லிங்ஸ் வழக்கு. இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் சூசன் பி. ஆண்டனி இதையே திருப்பிப்போட்டுக் கேட்டார். 1872இல் ராசெஸ்டரில் வாக்களித்ததற்காகக் கைதானவர். வரிச் சட்டத்திலும் தண்டனைச் சட்டத்திலும் ஹி, ஹிஸ், ஹிம் என்றுதான் இருக்கிறது. வாக்குக்கு அந்தச் சொல்லில் நான் இல்லையென்றால், வரிக்கும் தூக்குக்கும் மட்டும் எப்படி இருக்கிறேன்? வழக்குக்கு முன் ஊர் ஊராகப் போய் இதைப் பேசினார். 1873இல் 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் கட்டவேயில்லை.

நம் நாட்டுக்கு இது சட்டப் புத்தகங்கள் வழியாக வந்தது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, ‘ஹி’ என்ற சொல் ஆணோ பெண்ணோ எவரையும் குறிக்கும் என்று சொன்னது. அந்தச் சட்டத்தில் குற்றங்களைச் சொல்லும் பிரிவுகளைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலானவை ‘ஹூஎவர்’ என்று தொடங்கும். ‘ஹூ’ என்ற பிரதிப்பெயரோடு ‘எவர்’ என்ற வினையடை ஒட்டிப் பிறந்த சொல். யாராக இருந்தாலும் சரி, கொலை செய்தால். யாராக இருந்தாலும் சரி, திருடினால். பிறன்மனைப் பிரிவு போன்ற சிலவற்றை விட்டால், இந்த ‘ஹூஎவர்’ பெண்ணைக் குறிக்குமா என்ற சந்தேகமே எழுவதில்லை. குற்றவாளிக் கூண்டுக்குப் போக அந்த ஒரு சொல் போதும்.

அதே நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வாதாட வந்தால் கதை வேறு. 1916இல் ரெஜினா குஹா என்ற சட்டப் பட்டதாரி, வழக்கறிஞராகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தார். 1879ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் ‘பெர்சன்’ என்று பேசியது. ஆண்பால் சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்று 1868இலேயே இந்தியாவுக்கும் பொதுப் பிரிவுகள் சட்டம் வந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விடை கண்முன்னால் இருக்கிறது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, இல்லை என்றார்கள். சட்டம் எழுதியவர்கள் பெண்களை மனதில் வைத்து எழுதவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணத்தின் சாரம். 1921இல் சுதான்சுபாலா ஹஸ்ரா பாட்னாவில் கேட்டார். அங்கிருந்த நீதிபதிகளுக்கு அனுதாபம் இருந்தது, ஆனாலும் கல்கத்தா தீர்ப்பைத் தாண்ட மாட்டோம் என்றார்கள். அதே ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்றம் கொர்னீலியா சொராப்ஜியைப் பதிவு செய்துகொண்டது. ஒரே சொல், ஓர் ஊரில் பெண் உள்ளே, இன்னோர் ஊரில் வெளியே. 1923இல் பெண்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றித்தான் இதைத் தீர்த்தார்கள். ‘பெர்சன்’ என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே இருந்தவர்களை அதற்குள் சேர்க்க ஒரு சட்டம்! (கனடாவின் பெண்கள் இதே சொல்லுக்காக லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1929இல் வென்றார்கள்.)

1930களில் வந்த ரென் அண்டு மார்ட்டின் இலக்கணம் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. எனிபடி, எவ்ரிஒன் வந்து ஆணா பெண்ணா தெரியாவிட்டால் ஆண்பால் சொல்லைப் போடு என்பதே அதன் விதி. நான் படித்தது பெண்கள் மட்டும் படித்த பள்ளி. நாற்பது பேரும் சடை போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொருவரும் ‘அவனுடைய’ புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும் என்று கோடிட்ட இடத்தை நிரப்பினோம். ஆசிரியையும் பெண்தான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தமிழில் இந்தத் தொல்லை குறைவு என்று மாணவிகள் உடனே சொல்வார்கள். பாதி சரி. ‘யார்’ என்பது ஆண்பால், பெண்பால், பலர்பால் மூன்றுக்கும் பொது என்று நன்னூலே சொல்கிறது. யாரோ, யாராவது, யாரும், வேறு யாரும் எல்லாம் அந்த வேரிலிருந்து வருபவை. ‘அவர்’ கையில் இருக்கிறது. ஆனாலும் பொதுவாக ஒரு கருத்தைச் சொல்ல வந்தால் நம் பேனா ‘ஒருவன்’, ‘மனிதன்’, ‘தமிழன்’ என்றுதானே போகிறது? இலக்கணம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது; போகாமலிருப்பது நாம்.

ஆங்கிலம் இப்போது பழைய ‘தே’க்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. விடைத்தாளில் யாராவது எவ்ரிஒன்னுக்குப் பின் ‘தேர்’ எழுதினால் நான் முழு மதிப்பெண் போடுகிறேன். சட்டம் மெதுவாக நகர்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 2ஆம் பிரிவு, ஆண், பெண் என்பதோடு திருநரையும் சேர்த்திருக்கிறது. மூவருக்கும் அது வைத்திருக்கும் ஆங்கிலச் சொல் இன்னும் ‘ஹி’தான்.