எப்பவும் அசதியா இருக்கா? இரும்புச்சத்து, வைட்டமின் மாத்திரை யாருக்குத் தேவை, யாருக்கு ஆபத்து?

"காலையில எந்திரிக்கும்போதே டயர்டா இருக்கு. சத்து மாத்திரை ஏதாவது குடுங்க." சேந்தமங்கலமோ சென்னையோ, எந்த ஊர் மெடிக்கல் கடையிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கடைக்காரரும் ஒரு அட்டை எடுத்துக் கொடுப்பார். பிரச்னை அதோடு தீர்ந்ததா என்றால், பல நேரம் இல்லை.

நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம், கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். காரவள்ளியைத் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலையாளி பழங்குடியினர் வாழும் ஊர்கள். இப்படிப்பட்ட பகுதிகளில் இந்த மாத்திரைக் கேள்விக்குக் கனம் கொஞ்சம் அதிகம். இங்கே அசதிக்கும் ரத்த சோகைக்கும் சத்துக்குறைவு மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

சுருக்கமான பதில் என்ன?

அசதி என்பது நோய் அல்ல, ஒரு அறிகுறி. பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு உறுதியானால் மாத்திரை நன்றாகவே வேலை செய்யும். குறைவு இல்லாதவருக்கு அதே மாத்திரையால் மலச்சிக்கலும் செலவும்தான் மிச்சம். சிலருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். அதனால் முதலில் பரிசோதனை, பிறகு மாத்திரை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கர்ப்பிணிகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகள் தடுப்பு அளவில் கொடுக்கப்படுபவை. அவற்றை நிறுத்த வேண்டாம்.

இரும்பு குறைந்தால் ஏன் அசதி?

ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின்தான் நுரையீரலில் இருந்து ஆக்சிஜனை உடம்பு முழுக்கக் கொண்டு போகிறது. அதைத் தயாரிக்க இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், வேலையில் மனம் நிற்காது. மண், சாம்பல், பச்சரிசி சாப்பிடத் தோன்றுவதுகூட இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம்.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழேயும், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழேயும் இருந்தால் அது ரத்த சோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருப்பது தெரியவந்தது. அதாவது இரண்டில் ஒருவருக்கு மேல். இந்திய அளவில் இது 57 சதவீதம்.

இதைப் பார்த்து, 'அப்போ எல்லாரும் மாத்திரை போட்டுக்கலாமே' என்று தோன்றலாம். ஆனால் ரத்த சோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை. பி12, ஃபோலிக் அமிலக் குறைவு, நாள்பட்ட தொற்று, சிறுநீரக நோய், பரம்பரை ரத்தக் கோளாறு என்று காரணங்கள் பல.

'ஹீமோகுளோபின் நார்மல்தான், ஆனாலும் முடியல'

இப்படிச் சொல்பவர்களை 'எல்லாம் மனசுதான்' என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஹீமோகுளோபின் என்பது கையில் இருக்கும் பணம் என்றால், ஃபெரிட்டின் வங்கியில் இருக்கும் சேமிப்பு மாதிரி. சேமிப்பு கரைந்த பிறகுதான் கையிருப்பு குறையத் தொடங்கும். ஃபெரிட்டின் பரிசோதனை அந்தச் சேமிப்பைக் காட்டும். நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு இது 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் இரும்புக் குறைவு என்கிறது உலக சுகாதார அமைப்பு. காய்ச்சல், தொற்று இருக்கும் நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து தெரியும் என்பதால் முடிவை மருத்துவர்தான் படிக்க வேண்டும்.

இதைப் பற்றிய ஒரு ஆய்வு 2012-ல் கனடா மருத்துவ சங்க இதழில் வெளியானது. பிரான்ஸில் அசதியோடு வந்த 198 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் ரத்த சோகை இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஃபெரிட்டின் 50-க்குக் கீழே இருந்தது. பாதிப் பேருக்கு 12 வாரம் தினமும் 80 மில்லிகிராம் இரும்பு, மீதிப் பேருக்கு அதே போலத் தெரியும் வெறும் மாத்திரை. இரும்பு எடுத்தவர்களின் அசதி மதிப்பெண் சுமார் 48 சதவீதம் குறைந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் சுமார் 29 சதவீதம் குறைந்தது!

இதில் இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, சேமிப்பு குறைந்தவருக்கு இரும்பு உண்மையிலேயே உதவுகிறது. இரண்டு, மருந்தே இல்லாத மாத்திரையும் 'நல்லா இருக்கு' என்ற உணர்வைத் தந்துவிடும். 'பக்கத்து வீட்டு அக்கா சாப்பிட்டாங்க, சரியாயிடுச்சு' என்பதை வைத்து மட்டும் மாத்திரை வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

கொல்லிமலை போன்ற பகுதிகளில் ஏன் கூடுதல் கவனம்?

முதல் காரணம், கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கும்போது இதன் இளம்புழு தோல் வழியாக உள்ளே போகும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். ஒரு புழு குடிப்பது கொஞ்சம்தான். நிறைய புழுக்கள் மாதக்கணக்கில் குடித்தால், எவ்வளவு மாத்திரை போட்டாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். மலையாளி மக்கள் வாழும் இன்னொரு பகுதியான ஜவ்வாது மலையில், இந்தப் புழுக்கள் பரவுவதை அடியோடு நிறுத்த முடியுமா என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் பெரிய அளவில் ஆய்வே நடத்தியிருக்கிறார்கள். பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளி, அங்கன்வாடிகளில் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரை இதற்காகத்தான்.

இரண்டாவது, பரம்பரை ரத்தக் கோளாறுகள். சிக்கில் செல், தலசீமியா ஆகியவை நாட்டின் பழங்குடிப் பகுதிகளில் கூடுதலாகக் காணப்படுகின்றன. தலசீமியா மரபணுவைச் சுமப்பவரின் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் குறைந்து, சிவப்பணு சிறுத்துத் தெரியும். பார்ப்பதற்கு அச்சு அசலாக இரும்புக் குறைவு மாதிரியே இருக்கும். ஆனால் இரும்பு போதுமான அளவில் இருக்கும். அவருக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தாலும் எண் ஏறாது. நோய் முற்றி அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கோ இரும்பு உடம்பிலேயே தேங்கி இதயத்தையும் கல்லீரலையும் பாதிக்கும். இவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரைகூடக் கூடாது.

2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கப்பட்ட தேசிய சிக்கில் செல் ஒழிப்புத் திட்டத்தில் தமிழ்நாடும் இருக்கிறது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இதன் இலக்கு. 'மூணு மாசமா மாத்திரை போட்டும் ரத்தம் ஏறல' என்றால், அடுத்த அட்டை வாங்குவதற்குப் பதில் இந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, உயரம். கொல்லிமலையின் பல ஊர்கள் 1,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. உயரத்தில் வாழ்பவர்களுக்கு இயல்பாகவே ஹீமோகுளோபின் சற்று கூடுதலாக இருக்கும். அதனால் அடிவாரத்தில் 'பார்டர்ல இருக்கு, பரவாயில்லை' என்று சொல்லும் எண், மலைமேல் இருப்பவருக்கு ரத்த சோகையாகவே இருக்கக்கூடும். எந்த ஊர் என்பதை மருத்துவரிடம் சொல்வது நல்லது.

வைட்டமின் மாத்திரை, சத்து ஊசி?

நன்றாகச் சாப்பிடும், குறைபாடு இல்லாத ஒருவரின் அசதியை மல்டிவைட்டமின் தீர்க்காது. குறைபாடு இருந்தால் நிலைமை வேறு. பி12 குறைவு அசதியோடு கை, கால் மரத்துப்போவது, மறதி போன்றவற்றையும் கொண்டுவரும். முழு சைவக்காரர்கள், வயிற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள், சர்க்கரைக்கு நீண்ட நாளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் இதைப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

பி12 குறைவு இருப்பவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிக அளவில் எடுத்தால், ரத்த சோகை சரியானது போலத் தெரியும், நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடரும். வைட்டமின் ஏ, டி போன்றவை உடம்பில் தேங்குபவை, அளவு மீறினால் கெடுதல். பி6-ஐ அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தாலும் நரம்பு பாதிக்கும். 'சத்துதானே, சும்மா போட்டுக்கலாம்' என்ற பேச்சு சரியல்ல.

மாத்திரை எழுதிக்கொடுத்தால் எப்படிச் சாப்பிடுவது?

• டீ, காபியோடு கூடாது. முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும்.
• பால், கால்சியம் மாத்திரையையும் தனி நேரத்துக்கு மாற்றுங்கள்.
• எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா சேர்ந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும்.
• வெறும் வயிற்றில் எடுத்தால் நன்கு சேரும். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம்.
• மலம் கருப்பாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம்.
• ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு சேர்வதாக ஆய்வுகள் சொல்கின்றன. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் இதை மருத்துவரிடம் கேட்கலாம்.
• அசதி குறைந்ததும் நிறுத்தாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப சுமார் மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும்.

அரசு தரும் மாத்திரையில் எவ்வளவு இரும்பு?

ரத்த சோகை இல்லாத பாரதம் திட்டத்தில் 5 முதல் 9 வயது வரை வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை, அதில் 45 மில்லிகிராம் இரும்பு. 10 முதல் 19 வயது வரை வாரம் ஒரு நீல மாத்திரை, 60 மில்லிகிராம். கர்ப்பிணிகளுக்கு மூன்று மாதம் முடிந்த பிறகு தினமும் ஒரு சிவப்பு மாத்திரை, அதே 60 மில்லிகிராம், குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். இவற்றில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. குழந்தைக்கு சிக்கில் செல், தலசீமியா இருப்பது தெரிந்தால் பள்ளியிலும் செவிலியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து

2023 மார்ச்சில் ஊட்டியில் பள்ளி மாணவிகள் சிலர் போட்டி போட்டுக்கொண்டு இரும்புச்சத்து மாத்திரைகளை விழுங்கினர். அவர்களில் 13 வயது மாணவி ஒருவர் கல்லீரல் பாதிக்கப்பட்டு உயிரிழந்தார். வாரம் ஒன்று என்றால் காக்கும் அதே மாத்திரை, மொத்தமாக விழுங்கினால் விஷம். சின்னக் குழந்தைகளுக்கு மிட்டாய் மாதிரித் தெரியும் என்பதால், எட்டாத உயரத்தில் பூட்டி வைப்பது அவசியம். குழந்தை விழுங்கிவிட்டது தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

சாப்பாட்டிலேயே சரிசெய்ய முடியாதா?

குறைவு வராமல் தடுக்க முடியும். ஆட்டு ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல் ஆகியவற்றில் இருக்கும் இரும்பு எளிதில் உடம்பில் சேரும். கீரை, பயறு, கேழ்வரகில் இருக்கும் இரும்பு அவ்வளவு எளிதில் சேராது. முளைகட்டுவதும் எலுமிச்சை பிழிவதும் உதவும். நாமக்கல் முட்டையில் புரதமும் பி12-ம் உண்டு, ஆனால் இரும்பு குறைவு. குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசி வயிற்றை நிரப்பும், இரும்புக்கு அவற்றை நம்ப முடியாது. ரத்த சோகை ஏற்கெனவே வந்துவிட்டால் சாப்பாடு மட்டும் பெரும்பாலும் போதாது, மாத்திரை வேண்டும்.

எங்கே போவது, எப்போது உடனே போவது?

ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். மலைமேல் இருப்பவர்களுக்கு செம்மேடு அரசு மருத்துவமனை, அடிவாரத்தில் சேந்தமங்கலம் அரசு மருத்துவமனை, மேல்சிகிச்சைக்கு நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கின்றன. போகும்போது மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு போகிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், தூக்கம் எப்படி என்பதைச் சொல்லுங்கள். சர்க்கரை, தைராய்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். மன அழுத்தமும் அசதியாக வெளிப்படும், அதைச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, மயக்கம், மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் ஆகியவை இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது கட்டாயம். அல்சரோ புற்றுநோயோ அப்படித்தான் முதலில் தலைகாட்டும். அந்த நேரத்தில் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால், எண் கொஞ்சம் ஏறும், நோய் கண்ணில் படாமல் வளரும்.