பசுவுக்கென அமைந்த மருந்து

1895 ஆம் ஆண்டில் றொன்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர்கள் எலும்பைத் தெளிவாகக் காட்டின. ஆனால் சிறுநீரகமும் அதினின்று இறங்கும் மெல்லிய குழாய்களும் சூழவுள்ள தசையோடு ஒரே நிழலாய்க் கலந்து நின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டக் கதிரைத் தடுக்கும் பொருளொன்று வேண்டியிருந்தது.

1906 இல் ஹைடல்பேர்க் நகரில் வோல்க்கர், லிக்ரன்பேர்க் என்னும் இருவர், வெள்ளி கலந்த கரைசலைச் சிறுநீர் வழியே கீழிருந்து மேலாகச் செலுத்திப் படம் எடுத்தனர். படம் கிடைத்தது. ஆயினும் முறை நோயாளிக்குக் கொடியது; அக்கரைசலால் உயிரிழந்தோரும் உண்டு.

1923 இல் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில், கிரந்தி நோய்க்காகச் சோடியம் அயடைட்டு பெற்றவர்களின் சிறுநீர்ப்பை எக்ஸ் கதிர்ப் படத்தில் புலப்பட்டது. கதிரைத் தடுப்பது அயடீன் என்பது விளங்கிற்று. ஆனால் சிறுநீரகம் நன்கு தெரியுமளவுக்கு அதைக் கொடுத்தால் உடல் தாங்காது.

வழி எங்கிருந்து வந்தது? பேர்லின் விவசாயக் கல்லூரியிலிருந்து! பின்ஸ், ரேத் என்னும் இரசாயன அறிஞர்கள் அயடீனைக் கரிமச் சேர்மத்துடன் பிணைத்து மருந்துகள் பல ஆக்கினர். பசுக்களின் மடிநோய்க்கு அவற்றுட் சில பயன்பட்டன. அல்ரோனாவில் அவற்றை மனிதரிடம் சோதித்துக்கொண்டிருந்த வைத்தியசாலைக்கு, நியூயோர்க்கிலிருந்து உதவிப்பணம் பெற்று வந்தார் மோசஸ் சுவிக் என்னும் இளம் வைத்தியர். மற்றையோர் அம்மருந்து நோயைத் தீர்க்குமா என்று நோக்க, அவரோ அது சிறுநீரோடு வெளியேறுவதை நோக்கினார். அயடீன் சிறுநீர் வழி போகுமாயின் அவ்வழியைக் கதிர் காட்டுமன்றோ?

ஆய்வைத் தொடரச் சுவிக் பேர்லினிலிருந்த லிக்ரன்பேர்க்கிடம் சென்றார். முன்னர் நாம் கண்ட அதே லிக்ரன்பேர்க்தான். 1929 இல் யூரோசெலக்டான் என்னும் மருந்தை நாளத்தில் ஏற்ற, சிறுநீரகத்தின் கிண்ணங்களும் குழாய்களும் படத்தில் துலங்கின. அவ்வாண்டு மியூனிச் மாநாட்டில் செய்தி வெளியாயிற்று.

புகழின் பெரும்பகுதி மூத்தவரையே சேர்ந்தது. இருபது ஆண்டுக்கு மேலாக இதை நாடிய அவருக்கும், மருந்தை ஆக்கியோருக்கும் பங்கில்லை என்று கூறுதல் தகாது. எனினும் திருப்பத்தைத் தந்த பார்வை இளையவருடையது என்றே நான் கருதுகிறேன். நியூயோர்க் மருத்துவக் கழகம் அவருக்குப் பதக்கம் வழங்கியது 1965 இலேயே.

இன்று கணினிவழி ஊடுகதிர்ப் படம் அப்பழைய முறையின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிட்டது. அங்கும் சிறுநீர்வழியைத் துலக்கிக் காட்ட நாளத்தில் ஏற்றப்படுவது அயடீன் சேர்ந்த மருந்துதான்.