திருமுக்கூடல் ஆதுலர்சாலையும் மருந்துப் பணியும்

இந்நாளில் திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள நிலப்பரப்பைத் தொழிற்சாலைகள் மிக்க பகுதியாகவே பலரும் அறிவர். தொண்டை மண்டல வரலாற்றை ஆராய்வார்க்கோ அது பிறிதொரு வகையாற் சிறப்புடையது. ஒரகடத்தினின்று வாலாசாபாத்து வழியாகச் சிறிது தொலைவு சென்றால், பாலாறும் வேகவதியும் செய்யாறும் ஒன்று கூடும் திருமுக்கூடலை அடையலாம். அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனது (1063–1070) கல்வெட்டு ஒன்று உளது. கல்வெட்டுத் துறையார் 1915-ஆம் ஆண்டின் 182-ஆம் எண்ணாகப் படியெடுத்த இதனைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் ‘எபிகிராபியா இண்டிகா’ 21-ஆம் தொகுதியிற் பதிப்பித்தார். திருப்பெரும்புதூரில் 1017-இல் தோன்றியவராக வைணவ மரபு கூறும் இராமாநுசர் வாழ்ந்திருந்த காலத்திலேயே இக்கல்வெட்டும் பொறிக்கப்பெற்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கோயிலைச் சார்ந்து கல்விச்சாலை ஒன்றும், அதன் மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரிய மருத்துவச்சாலை ஒன்றும் நடந்தமையை இக்கல்வெட்டு விரித்துரைக்கின்றது. வீரசோழன் என்னும் பெயர் தாங்கிய அவ் ஆதுலர்சாலையிற் படுக்கைகள் 15. ‘ஆதுலர்’ என்பது நோயுற்றார் எனப் பொருள்படும் ‘ஆதுரர்’ என்னும் வடசொல்லின் திரிபு. இதனை எடுத்துரைத்தோர் பலரும் படுக்கைகளின் எண்ணிக்கையையும் மருத்துவரது சிறப்பையுமே பெரிதும் பாராட்டினர். அங்கு மருந்து எவ்வாறு தேடப்பட்டது, எவ்வாறு ஆக்கப்பட்டது, யார் கையால் நோயாளியைச் சென்றடைந்தது என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் பணியாளரையும் அவர்தம் ஊதியத்தையும் காண்போம். ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பான் மருத்துவன். அவனுக்கு நாளொன்றுக்கு நெல் முக்குறுணி; 360 நாளுக்கு அது 90 கலமாகும். அதனோடு ஆண்டுக்கு 8 காசும் உண்டு. அறுவை செய்யும் சல்லியக்கிரியையாளனுக்கு நெல் 30 கலம். மூலிகை கொணர்ந்தும், விறகு இட்டும், மருந்தாக்கத்திற்கு வேண்டுவன செய்தும் வந்த இருவர்க்கு நெல் 60 கலமும் காசு 2-உம். மகளிர் இருவர்க்கு நெல் 30 கலமும் காசு 1-உம். நாவிதனுக்கு நெல் 15 கலம்.

இக்கணக்கினை உற்று நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மூலிகை கொணர்வார் ஒவ்வொருவர்க்கும் கிடைத்த 30 கலம், அறுவை மருத்துவன் பெற்ற நெல்லுக்கு ஒத்தது. அதன்மேலும் ஒரு காசு அவர்க்கு உண்டு. ஆகவே, அவர் வெறும் ஏவலாளராகக் கருதப்பட்டிலர் எனக் கோடல் பொருந்தும். அவ் அறுவையாளன் வேண்டும்போது மட்டும் வந்து சென்றவனாதல் கூடும் எனத் தடை எழுப்பலாம். அங்ஙனமாயினும் மருந்துப் பணியாளர் நாவிதனைப் போல் இருமடங்கு நெல் பெற்றனர் என்பது மறுக்கவொண்ணாதது.

மூலிகை கொணர்வாரே விறகும் இடவேண்டும் என்று விதித்தமை ஏன்? விடை மருந்துப் பட்டியலிலேயே உளது. ஓராண்டிற்கு இருப்பில் வைக்கத்தக்கனவாக ஏறத்தாழ இருபது மருந்துகள் கூறப்படுகின்றன. வாசா அரீதகி, தசமூல அரீதகி, கோமூத்திர அரீதகி, பல்லாதக அரீதகி, லசுனாத்தியேரண்ட தைலம், வில்வாதி கிருதம், மண்டூர வடகம், கல்யாண லவணம், புராண கிருதம் என்பன அவற்றுட் சில. இவற்றுட் பல சரக நூல் முறையைத் தழுவியவை. தைலமும் கிருதமும் நெடுநேரம் தீயிற் காய்ச்சிப் பதம் பார்த்து இறக்கத்தக்கன. பதம் தவறின் மருந்து கெடும். எனவே விறகிடல் என்பது அடுக்களை வேலை அன்று. மருந்தாக்கத்தின் ஒரு கூறே. புராண கிருதமோ பல்லாண்டு பழகிய நெய். நோய் வந்தபின் அதனைத் தேடிப் பயனில்லை. முன்னறிந்து சேமித்தல் மருந்துச்சாலையின் இன்றியமையாக் கடமை என்பதைக் கல்வெட்டை வகுத்தோர் நன்குணர்ந்திருந்தனர்.

மகளிர் இருவரும் ‘மருந்தடும் பெண்டுகள்’ எனச் சுட்டப்பெறுகின்றனர். ஆங்கிலத்தில் எழுதினோர் இவரைச் செவிலியர் என்றே பெயர்த்தனர். நோயாளரைப் பேணுதலும் மருந்தூட்டலும் இவர் கடமையாதலின் அது முற்றும் பிழையன்று. எனினும் ‘அடுதல்’ சமைத்தலைக் குறிக்கும் பழஞ்சொல். சோறடுதல் போல மருந்தடுதலும் கைத்திறன் வேண்டும் தொழில். மருந்தை ஆக்கிய கையே அதனை நோயாளிக்கு ஊட்டவும் செய்தது; அஃதாவது மருந்தறிவு படுக்கை அருகே வரை சென்றது என்பது இத்தொடரால் விளங்கும்.

இதுகொண்டு, இன்றைய மருத்துவமனை மருந்தியலாளர் சோழர் காலத்திலேயே இருந்தனர் எனச் சாதித்தல் முறையன்று. மருந்தாளுநர் மருத்துவரினின்று சட்டத்தாற் பிரிக்கப்பட்டது ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் பிரடெரிக்கு மன்னன் ஆணையால். நம் நாட்டில் மருந்தாளுநர் தொழிலை நெறிப்படுத்தும் சட்டம் 1948-இல் தோன்றியது. நோயாளியின் அருகிருந்து மருந்தின் அளவையும் ஒவ்வாமையையும் ஆராயும் பயிற்சியை நோக்கிய மருந்தியல் முனைவர் பட்டப்படிப்பு 2008-இல் தொடங்கிற்று. திருமுக்கூடற் பணியாளர்க்கு மருத்துவன் கூற்றை ஆராய்ந்து திருத்தும் உரிமை இருந்ததாகக் கல்வெட்டு யாண்டும் கூறவில்லை. அச்சாலை ஊரார் அனைவர்க்கும் திறந்திருந்ததாகவும் கொள்ளற்கில்லை.

ஆயினும் மருந்து எழுதுதல், ஆக்குதல், இருப்பு வைத்தல், ஊட்டுதல் ஆகியவை வெவ்வேறு கடமைகள் என்பதும், ஒவ்வொன்றற்கும் தனி ஊதியம் வேண்டும் என்பதும் இங்கு ஐயமின்றிப் புலப்படுகின்றன. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டு, அரசு மருத்துவமனைகட்கு வேண்டும் மருந்துகளை ஒருங்கு கொண்முதல் செய்து கிடங்குகளில் வைக்கும் முறை ஏற்பட்டது. பரப்பில் மிகப் பெரிதாயினும், நோய்க்கு முன்னரே மருந்து என்னும் கருத்தளவில் அது திருமுக்கூடற் பட்டியலுக்கு அயலானதன்று.

விக்கிரம சோழனது 1121-ஆம் ஆண்டைச் சார்ந்த திருவாவடுதுறைக் கல்வெட்டு, சரகமும் அட்டாங்க இருதயமும் பயின்ற மாணாக்கரைக் குறிப்பிடுகின்றது. நூல் கற்றாரை அவ்வாறு கல்வெட்டுகள் பேணின. திருமுக்கூடலிலோ பெயரொடு விளங்குபவன் மருத்துவன் ஒருவனே. மூலிகை பறித்தாரும் மருந்தடும் பெண்டுகளும் நெல்லளவாலும் காசளவாலும் மட்டுமே அறியப்படுகின்றனர். மருத்துவ வரலாறு எழுதுவோர் அவ் அளவுகளையும் சான்றாகக் கொண்டு, பெயரிலார் பணியையும் உரிய இடத்தில் வைத்து எழுதுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.