ஆயுர்வேதத்தோட கத்தி யார் கையில இருந்தது?

ஆயுர்வேதம்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? எண்ணெய் மசாஜ், லேகியம், "நீங்க வாத உடம்பா, பித்த உடம்பா"ன்னு கேக்கிற ஆன்லைன் குவிஸ். இன்னிக்கு நாம பேசப்போறது கத்தியைப் பத்தி.

முதல்ல அடிப்படையைப் பார்த்துடலாம். வாதம், பித்தம், கபம் மூணும் சமநிலையில இருந்தா ஆரோக்கியம், குலைஞ்சா நோய். இதுதான் ஆயுர்வேதத்தோட அஸ்திவாரம். செரிமானத்தை அக்னின்னு சொல்லுவாங்க. அதனால வைத்தியர் மருந்தோட நிறுத்தாம, என்ன சாப்பிடுறோம், எப்படித் தூங்குறோம், இது என்ன பருவம்னு எல்லாத்தையும் கேப்பார். இதை விரிவா பேசுறது சரக சம்ஹிதை.

ஆனா ஆயுர்வேதத்துக்கு மொத்தம் எட்டு பிரிவு. அதுல ஒண்ணு சல்லியம், அதாவது அறுவை சிகிச்சை. அதுக்கான பெரிய நூல் சுஸ்ருத சம்ஹிதை.

ஒரு என்ஜினியரா எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது டிரெயினிங் பத்தின பகுதி. நோயாளி மேல கைவைக்கிறதுக்கு முன்னாடி மாணவர் பூசணிக்காயையும் வெள்ளரிக்காயையும் வெட்டிப் பழகணும். ரத்தக்குழாயைக் கீறுறதுக்கு தாமரைத் தண்டு. இறந்த உடலை ஓடுற தண்ணியில ஏழு நாள் ஊறவச்சு, அடுக்கடுக்கா தேய்ச்சு எடுத்து உள்ள என்ன இருக்குன்னு கண்ணால பார்க்கணும். படிப்பு மட்டும் இருக்கிறவரையும் கைப்பழக்கம் மட்டும் இருக்கிறவரையும் ஒரே சிறகு உள்ள பறவையோட அந்த நூல் ஒப்பிடுது.

அறுந்த மூக்கைத் திரும்ப உருவாக்குற முறையும் அதுல இருக்கு. இலையை வச்சு அளவெடுத்து, கன்னத்துத் தோலைத் திருப்பி ஒட்டணும்.

இப்போ அங்கிருந்து ஒரே தாவலா 18ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். 1792இல் திப்பு சுல்தானோட நடந்த போர். ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டின காவஸ்ஜி பிடிபட்டார். அவரோட மூக்கையும் ஒரு கையையும் வெட்டிட்டாங்க. சுமார் ஒரு வருஷம் கழிச்சு, புனே பக்கத்துல ஒருத்தர் அவருக்குப் புது மூக்கு வச்சார். மெழுகுல மூக்கு வடிவம் செஞ்சு, அதைத் தட்டையாக்கி நெற்றியில வச்சுக் கோடு போட்டார். அந்தத் தோலை உரிச்சு, புருவத்துக்கு நடுவுல மட்டும் ஒட்டு விட்டுக் கீழ திருப்பினார். புது மூக்கு பிடிச்சதும் அந்த ஒட்டையும் வெட்டிட்டார். 1794இல் லண்டன் பத்திரிகை ஒண்ணுல இது படத்தோட வந்தது. அதைப் பார்த்து ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டன்ல இதே முறையைச் செஞ்சார்.

இந்தக் கதையை நிறைய பேர் "சுஸ்ருதர் உலகத்துக்குக் கத்துக்கொடுத்தார்"னு முடிச்சிடுறாங்க. ஆனா அந்த ஆபரேஷனைச் செஞ்சவர் வைத்தியரே இல்லை. செங்கல் செய்யுற சாதிக்காரர்னு அந்தப் பத்திரிகை சொல்லுது. அவர் பேரைப் போடலை. காவஸ்ஜி பேர் இருக்கு, இவர் பேர் இல்லை.

புத்தகம் படிச்சவங்க கத்தியை ஏன் விட்டாங்க? ரத்தத்தையும் பிணத்தையும் தொடுறது தீட்டுங்கிற எண்ணம் ஒரு பெரிய காரணம்னு வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க. மருத்துவர் கொடுக்கிற சாப்பாட்டையே சாப்பிடக்கூடாதுன்னு மனுஸ்மிருதி சொல்லுது. படிச்ச வைத்தியர்கள் பெரும்பாலும் மருந்து, பத்தியம், நாடின்னு நின்னுட்டாங்க. கத்தி, எழுத்து தேவைப்படாத கைகளுக்குப் போச்சு. ரெண்டு சிறகு, ரெண்டு பறவை.

அதை ஒரே ஆள்கிட்ட மறுபடி பார்க்க முடியுறது கல்கத்தாவுல. மதுசூதன் குப்தா ஆயுர்வேத பண்டிதர், சுஸ்ருத சம்ஹிதையை அச்சுக்குப் பதிப்பிச்சவர். 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில, சாதிக் கட்டுப்பாட்டை மீறி மனித உடலை அறுத்துக் காட்டினார்.

2020இல் ஆயுர்வேத முதுநிலை மாணவர்கள் 58 வகை அறுவை சிகிச்சைகளைச் செய்யலாம்னு அரசு அறிவிப்பு வந்தப்போ பெரிய சண்டை வந்தது. "எங்க நூல்லயே இருக்கு"ன்னு ஒரு பக்கம் பெருமை பேசுச்சு. நூல்ல இருக்குங்கிறது உண்மைதான். ஆனா டாக்குமென்டேஷன் நல்லா இருக்குன்னு யாரும் கோடை லைவ்ல விடமாட்டோம். யார்கிட்ட, எத்தனை தடவை செஞ்சு பழகினீங்க, அதை யார் சரிபார்த்தாங்க? இந்தக் கேள்வியை எல்லா டாக்டர்கிட்டயும் கேக்கலாம். சுஸ்ருத சம்ஹிதையே பூசணிக்காயில ஆரம்பிக்கச் சொன்ன நூல்தானே!