கழிவு என்னும் முற்கோள்: தொப்புள்கொடி இரத்தப் பொது வங்கிகளின் வரலாறு

மகப்பேற்றுக்குப் பின் தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் எஞ்சும் இரத்தத்தைப் பொது வங்கிக்குக் கொடையாக அளிக்குமாறு தாய்மாரை வேண்டும் அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே வாதத்தில் தொடங்குகின்றன. அது எப்படியும் எறியப்படும் பொருள். அதைக் கொடுப்பதால் தாய்க்கும் சேய்க்கும் இழப்பு இல்லை என்பதே அவ்வாதம். இது இயற்கையாக அமைந்த உண்மை அன்று. இருபதாம் நூற்றாண்டின் மகப்பேற்று அறை நடைமுறை ஒன்றிலிருந்து உருவாகி, அந்நடைமுறை மாறியபோது வலுவிழந்த ஒரு முற்கோள் அது. நியூயார்க் இரத்த மையத்தின் பொது வங்கியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அதன் வரலாற்றை ஆராய்கிறது.

நஞ்சுக்கொடி எல்லாச் சமூகங்களிலும் கழிவாகக் கருதப்படவில்லை என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நஞ்சை மண்ணில் புதைக்கும் வழக்கமும், உலர்ந்து விழுந்த கொடித்துண்டைத் தாயத்தில் இட்டுக் குழந்தைக்குக் கட்டும் வழக்கமும் உண்டு. அண்மைக் காலப் பேச்சுகளில் இத்தாயத்து குருத்தணுச் சேமிப்பின் முன்னோடியாகக் காட்டப்படுகிறது. உலர்ந்த திசுவில் உயிருள்ள குருத்தணு எதுவும் எஞ்சாது; ஆகவே அறிவியல் நோக்கில் இவ்வொப்புமை நிற்காது. எனினும் நஞ்சையும் கொடியையும் மதிப்பற்ற எச்சமாகப் பார்க்கும் பார்வை மருத்துவமனை சார்ந்தது என்பதற்கு இவ்வழக்கங்கள் சான்றாகின்றன.

எச்சத்திலிருந்து பயன் பெறும் எண்ணம் 1930களிலேயே தோன்றிவிட்டது. இரத்த ஏற்றத்திற்கு நஞ்சுக்கொடி இரத்தத்தைப் பயன்படுத்தலாம் என்று மாண்ட்ரியல் மருத்துவர் குடால் 1938இல் எழுதினார். அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த எண்டே சகோதரர்கள், இரத்தப் புற்றுநோயுற்ற பதினாறு வயதுச் சிறுவனுக்குப் பல குழந்தைகளின் கொடி இரத்தத்தை ஏற்றிய செய்தியை 1972இல் வெளியிட்டனர். இரத்த அணுக்களை உருவாக்கும் முன்னோடி அணுக்கள் கொடி இரத்தத்தில் உள்ளன என்பதை 1974இல் நுட்சன் காட்டினார். ஆயினும் இவற்றைத் தொடர்ந்து ஓர் அமைப்பு உருவாகவில்லை.

திருப்பம் 1988 அக்டோபரில் நிகழ்ந்தது. ஃபான்கோனி இரத்தசோகையுற்ற ஐந்து வயது அமெரிக்கச் சிறுவனுக்குப் பாரிசின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் தலைமையில் முதல் கொடி இரத்த மாற்று செய்யப்பட்டது. இரத்தம் அவனுடைய தங்கையுடையது. அவளுக்கு நோயில்லை என்பதும் அவளது திசு அவனோடு பொருந்துகிறது என்பதும் கருவிலேயே கண்டறியப்பட்டிருந்தன. இந்தியானாவில் ஹால் பிராக்ஸ்மேயரின் ஆய்வகத்தில் உறையவைக்கப்பட்ட இரத்தமே பாரிசுக்குக் கொண்டு செல்லப்பட்டது. இங்குக் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே குடும்பத்தினர். கொடையின் பயன் யாருக்கு என்பதில் ஐயம் எழவில்லை.

முன்பின் அறியாதவருக்கெனச் சேமிக்கும் வங்கியை நியூயார்க் இரத்த மையத்தில் பாப்லோ ரூபின்ஸ்டீன் 1992இல் தொடங்கினார். அதன் நடைமுறையை உற்றுநோக்க வேண்டும். மகப்பேற்றில் தலையிடாமல், நஞ்சு வெளிவந்த பிறகு அதை வேறிடத்துக்கு எடுத்துச் சென்று வங்கிப் பணியாளர்களே அதில் எஞ்சிய இரத்தத்தைச் சேகரித்தனர். சிவப்பணுக்களின் பெரும்பகுதியையும் பிளாஸ்மாவையும் நீக்கி ஒவ்வோர் அலகையும் ஏறத்தாழ 20 மில்லிலிட்டராகச் சுருக்கும் முறையை 1995இல் அக்குழு வெளியிட்டது. ஆயிரக்கணக்கான அலகுகளைத் திரவ நைட்ரஜனில் வைப்பதற்கு இவ்விடச் சிக்கனம் இன்றியமையாததாயிற்று. உறவினரல்லாத ஒருவருக்கான முதல் மாற்று 1993இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோன் கர்ட்ஸ்பெர்க் குழுவினரால் நடந்தது. அதே ஆண்டில் மிலானிலும் டியூசல்டோர்ஃபிலும் வங்கிகள் தோன்றின. நியூயார்க் அலகுகளைப் பெற்ற 562 நோயாளிகளின் முடிவுகள் 1998இல் வெளிவந்தன.

பொது வங்கியின் வலுவான நியாயம் திசுப் பொருத்தத்தில் இருந்தது. கொடி இரத்தத்தின் நோய் எதிர்ப்பணுக்கள் முதிராதவை. எனவே ஆறு அடையாளங்களில் இரண்டு வரை பொருந்தாவிட்டாலும் மாற்று இயலும். பதிவேடுகளில் தக்க எலும்பு மஜ்ஜைக் கொடையாளரைக் காண அரிதான சிறுபான்மையினருக்கும் கலப்பு வம்சாவளியினருக்கும் இது வழி திறந்தது. கொடி இரத்தத்தின் குறை அதன் அளவில் இருந்தது. ஓர் அலகில் உள்ள அணுக்கள் குழந்தைக்குப் போதும்; வளர்ந்தவருக்குப் பெரும்பாலும் போதா.

இதே காலத்தில் 'கழிவு' விற்பனைப் பொருளாகவும் மாறியது. கொடி இரத்தச் சேமிப்புக்கான அமெரிக்கக் காப்புரிமை 1991இல் பயோசைட் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. ஐரோப்பியக் காப்புரிமை 1999இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் அதன் வழக்கு 2007 வரை நீண்டு, காப்புரிமை செல்லாது என்ற தீர்ப்பில் முடிந்தது. தம் குழந்தைக்கென்றே கட்டணம் செலுத்திச் சேமிக்கப் பெற்றோரை அழைத்த தனியார் வங்கிகளும் பெருகின. தற்பயன்பாட்டுக்கான இத்தகைய சேமிப்புக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின் நிலைப்பாடு.

கழிவுக்கு உரிமையாளர் இல்லை. உரிமையாளர் இல்லாதபோது ஒப்புதலும் தேவையற்றதாகத் தோன்றும். அந்த எளிமையை முதலில் கலைத்தவர்கள் நெறியியலாளர்கள். ஒப்புதல் பெறும் பணி பேறுவலி தொடங்கும் முன்னரே தொடங்க வேண்டும் என 1997இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான பணிக்குழு அறிக்கை வலியுறுத்தியது. எனினும் அரசின் ஆதரவு பெருகியது. 1,50,000 புதிய அலகுகளைச் சேர்ப்பதை இலக்காகக் கொண்ட சட்டம் 2005 டிசம்பரில் நிறைவேறியது. 2011 நவம்பரில் நியூயார்க் வங்கியின் கொடி இரத்தம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் உரிமம் பெற்றது. இவ்வகையில் உரிமம் பெற்ற முதல் தயாரிப்பு அதுவே.

முற்கோளின் அடித்தளம் அசைந்தது வேறொரு திசையில். நஞ்சில் இத்தனை இரத்தம் எஞ்சியதற்குக் காரணம், குழந்தை பிறந்த சில வினாடிகளிலேயே கொடியைக் கவ்வியிட்டு வெட்டும் வழக்கம். தாய்க்கு ஏற்படும் இரத்தப்போக்கைக் குறைக்கும் நடவடிக்கைகளுள் ஒன்றாக இது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியது. விரைவாகக் கட்டி வெட்டுவது குழந்தைக்குத் தீங்கு என்று எராஸ்மஸ் டார்வின் 1801இலேயே எழுதியிருந்தார். அதைப் பொருட்படுத்தியோர் சிலரே. கவ்வியிடத் தாமதித்தால் முதல் நிமிடத்தில் ஏறத்தாழ 80 மில்லிலிட்டரும் மூன்று நிமிடத்தில் ஏறத்தாழ 100 மில்லிலிட்டரும் குழந்தையின் உடலுக்குச் செல்கின்றன. வங்கிகள் நாடும் இரத்தமும் ஏறத்தாழ இதே அளவுதான். 2013இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, தாமதத்தால் தாயின் இரத்தப்போக்கு கூடுவதில்லை என்றும், மஞ்சள் காமாலைக்கு ஒளிச்சிகிச்சை தேவைப்படுவது சற்றுக் கூடினாலும் சில மாதங்கள் வரை குழந்தையின் இரும்புச்சத்து மேம்படுகிறது என்றும் கண்டது. இரத்தசோகை மிகுந்த நாடுகளில் இது சிறு ஆதாயமன்று.

எறியப்படவிருந்ததாகக் கருதப்பட்டது குழந்தைக்கு உரிய இரத்தம் என்று இப்போது தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நிமிடத்துக்கு முன் கவ்வியிட வேண்டாம் என்றது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017 ஜனவரியில் நலமான குழந்தைகள் அனைவருக்கும் 30 முதல் 60 வினாடி தாமதத்தைப் பரிந்துரைத்தது. காத்திருப்பு நீண்டால் சேகரிப்பின் அளவு குறையும். முன்பே சேகரிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி அணு எண்ணிக்கை போதாமல் மாற்றுக்குத் தகுதி பெறாதிருந்தது. இதற்கிடையே, பாதி மட்டும் பொருந்தும் பெற்றோர், உடன்பிறந்தோரிடமிருந்தே மஜ்ஜையைப் பெற்று, மாற்றுக்குப் பின் சைக்ளோபாஸ்பமைடு தரும் முறையும் பரவியது. 2010க்குப் பிறகு கொடி இரத்த மாற்றுகள் குறைந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். கவ்வியிடும் நேரத்தை மட்டும் குறைகூறுவது மிகைப்படுத்தலாகும். பொருத்தம் அரிதான நோயாளிகளுக்கு வங்கியின் பயன் இன்றும் நீங்கவில்லை. எச்.ஐ.வி. தொற்றுடன் இரத்தப் புற்றுநோயும் கொண்டிருந்த கலப்பு வம்சாவளிப் பெண் ஒருவர் 2017இல் கொடி இரத்தம் பெற்று, மருந்தின்றியும் தொற்று தலைகாட்டாத நிலையை அடைந்த செய்தி 2022இல் வெளியானது.

அதே கல்லூரியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வங்கிக்கான சேகரிப்புக்காகக் கவ்வியிடும் நேரத்தை மாற்றலாகாது என்கிறது. மருத்துவக் காரணத்தால் குறிப்பிட்ட ஒருவருக்கெனக் கொடுக்கப்படும் அரிய நிலையே அதற்கு விலக்கு. நோயுற்ற உடன்பிறப்புக்கான கொடை அத்தகையது. 1988இல் பாரிசில் நிகழ்ந்ததும் அவ்வகைக் கொடையே.