விடுதலை என்னும் பெயர் தாங்கிய தளபதி

செக் மொழியில் 'ஸ்வோபோடா' என்னும் சொல்லுக்கு விடுதலை என்பது பொருள். அதனையே குடும்பப் பெயராகத் தாங்கிய லுத்விக் ஸ்வோபோடா, செக்கோஸ்லோவாக்கியாவின் குடியரசுத் தலைவராக வீற்றிருந்த 1968ஆம் ஆண்டிலேதான் அந்நாட்டின் விடுதலை அந்நியப் படைகளால் நசுக்கப்பட்டது. அவரை வீரர் என்பதா, விட்டுக்கொடுத்தவர் என்பதா? அவர்தம் வாழ்க்கையைச் சற்று நோக்கினாலன்றி நாம் விடை கூற இயலாது.

1895 நவம்பரில் மொராவியாவின் ஹ்ரொஸ்நாதீன் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் பேரரசின் படையில் சேர்க்கப்பட்டவர், ரஷ்யர் பக்கம் சென்று, தம் நாட்டின் விடுதலைக்காக அங்கு அமைந்த படையணியில் போரிட்டார். 1939இல் ஹிட்லர் நாட்டைக் கைப்பற்றியபோது போலந்துக்குத் தப்பினார். போலந்தும் வீழவே, சோவியத் மண்ணில் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் 1942இல் புஸுலுக் நகரில் செக்கோஸ்லோவாக் படைப்பிரிவு அமைந்தபோது அதன் தலைமை அவரிடம் வந்தது. 1943 மார்ச்சில் ஹார்கோவ் அருகே சொகொலோவோவிலும், 1944 இலையுதிர் காலத்தில் டுக்ளா கணவாயிலும் அப்படை குருதி சிந்திப் போரிட்டது.

போர்க்களத்தில் அவர் நின்ற அந்நாள்களில் இல்லத்தின் நிலை என்ன? மனைவியும் மகனும் மகளும் தாயகத்திலேயே தங்கி, நாஜிகளுக்கெதிரான மறைமுகப் பணிகளில் ஈடுபட்டிருந்தனர். மகன் மிரோஸ்லாவ் பிடிபட்டு, 1942இல் மவுத்ஹவுசன் வதைமுகாமில் கொல்லப்பட்டான். தாயும் மகளும் போர் முடியும்வரை ஒளிந்தே வாழ்ந்தனர். வெற்றி வீரராகத் திரும்பிய தந்தைக்கு அந்த வெற்றி எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை மக்களைப் பெற்றோர் அறிவர்.

1945இல் அவர் பாதுகாப்பு அமைச்சரானார். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியபோது, படை குறுக்கிடாதவாறு பார்த்துக்கொண்டவர் அவரே. ஆயினும், அவர் துணைநின்ற ஆட்சியே சில ஆண்டுகளில் அவரைப் பதவியினின்று நீக்கிச் சிறையிலும் அடைத்தது. பின்னர் பிறந்த ஊரின் கூட்டுப்பண்ணையில் கணக்கெழுதிக் காலங்கழித்தார். பழைய போர்த்தோழரைப் பற்றி குருஷ்சேவ் வினவிய பின்னரே அவருக்கு மீண்டும் மதிப்புக் கிட்டியது என்பர்.

1968 மார்ச் 30ஆம் நாள், தமது எழுபத்திரண்டாம் வயதில், அவர் குடியரசுத் தலைவரானார். டூப்செக்கின் சீர்திருத்தங்கள் நாட்டுக்குப் புத்துயிர் ஊட்டிய வேளை அது. ஆகஸ்டு 20ஆம் நாள் இரவு வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகள் உட்புகுந்தன. டூப்செக்கும் பிரதமர் செர்னிக்கும் பிறரும் சிறைப்படுத்தப்பட்டுச் சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மாஸ்கோவின் விருப்பப்படி புதிய அரசொன்றை அமைக்குமாறு முதிய தளபதியை வற்புறுத்தினர். அவர் மறுத்தார். அன்று அவர் இணங்கியிருப்பின் படையெடுப்பு சட்டப்போர்வை பெற்றிருக்கும். அம்மறுப்பின் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் அதன் பின் நடந்ததோ வேறு. ஆகஸ்டு 23ஆம் நாள் அவரே மாஸ்கோ சென்றார். தலைவர்கள் விடுவிக்கப்பட வேண்டும், குருதி பெருகலாகாது என்பனவே அவரது கவலை. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமாறு தம் தோழர்களை அவரே தூண்டினார். படைகள் தங்குவதையும் பத்திரிகைகள் மீண்டும் கட்டுப்படுத்தப்படுவதையும் ஏற்ற அந்த ஆவணத்தில் கையொப்பமிட மறுத்தவர் பிரான்டிஷெக் க்ரீகெல் ஒருவரே. டுக்ளாவில் மாண்டோரைக் கண்ணாரக் கண்ட கிழவர் இளைஞரின் உயிரை எண்ணினார் என்றால், அதனைக் கோழைமை என்று நாம் சொல்லத் துணியோம்.

எமக்கு ஒப்பாதது அதற்கடுத்த ஆண்டு நடந்தது. 1969 ஆகஸ்டில், படையெடுப்பின் ஆண்டு நாளில் கிளர்ந்தெழுந்தோர் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து சிலர் மாண்டனர். மறுநாள் வெளிவந்த சட்ட ஆணை, கிளர்ச்சி செய்தோரை மூன்று வாரம் காவலில் வைக்கவும், வேலையினின்று நீக்கவும், மாணவரைக் கல்லூரியினின்று விலக்கவும் வழிசெய்தது. அதில் டூப்செக், செர்னிக் ஆகியோருடன் ஸ்வோபோடாவின் கையொப்பமும் உண்டு. குருதி சிந்தாமல் காத்தல் என்னும் காரணம் அங்கே பொருந்தவில்லை. குருதி ஏற்கெனவே சிந்தியாயிற்று.

அதற்கு முன்பே, அவ்வாண்டு ஏப்ரலில், டூப்செக்கின் இடத்துக்கு ஹூசாக் வந்திருந்தார். அம்மாற்றத்துக்கும் ஸ்வோபோடா ஆதரவளித்தார். அதே ஹூசாக் 1975 மே மாதத்தில், நோயுற்றிருந்த ஸ்வோபோடாவின் பதவியையும் பெற்றார். அதற்கெனவே அரசமைப்பில் தனிச் சட்டம் செய்தனர்.

1979 செப்டம்பர் 20ஆம் நாள் ஸ்வோபோடா மறைந்தார். கம்யூனிஸ்டு ஆட்சி 1989இல் வீழ்ந்தது. 1993இல் செக்கோஸ்லோவாக்கியாவே இரண்டாகப் பிரிந்தது. எனினும் பிராக் நகரில் வல்டாவா ஆற்றங்கரைச் சாலையொன்று அவர் பெயரால் வழங்குகிறது.