பெரியப்பாவின் பெயரில் ஓடிய கார்

1998-ல் மதுரையில் பதிவான வெள்ளை மாருதி 800 அது. டி.என். 59 என்று தொடங்கும் எண். வாங்கியவர் என் பெரியப்பா, பள்ளித் தலைமை ஆசிரியர். விலை இரண்டு லட்சத்தை ஒட்டி. பாதிக்கு மேல் வங்கிக் கடன். அதற்கப்புறம் அந்த கார் வேறு வேறு வீட்டு வாசல்களில் நின்றது, போடிமெட்டு ஏறி இறங்கியது, ஒரு கட்டத்தில் நிறம்கூட மாறியது. ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் பதினைந்து வருஷமும் பெரியப்பாவே இருந்தார். அதில் கடைசி இரண்டு வருஷம் அவர் உயிரோடு இல்லை.

மாருதி 800-ன் பொதுக்கதை பலருக்கும் தெரியும். 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்சக்கர இழுவை. 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 4 வந்தபோது அந்த ஊர்களில் புது 800 விற்பதை நிறுத்தினார்கள். 2014 ஜனவரியில் தயாரிப்பே நின்றது. பழைய கார் சந்தையில் அது அதற்குப் பிறகும் சளைக்காமல் ஓடியது. காரணம் எளிது. எந்த ஊரில் நின்றாலும் கைவைக்க ஒரு மெக்கானிக் இருப்பார், பாகமும் அங்கேயே கிடைக்கும்.

பெரியப்பா கணக்கானவர். கடன் முடிந்த மாதமே வங்கியில் தடையில்லாச் சான்று வாங்கி, ஃபாரம் 35 போட்டு, ஆர்.சி.யில் இருந்த வங்கியின் பெயரை நீக்கிவிட்டார். இதைச் செய்யாமல் வருஷக்கணக்கில் ஓட்டி, விற்கும்போது வங்கிக் கிளைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். வங்கியின் பெயரை அத்தனை அக்கறையாக எடுத்தவர், காரை விற்றபோது தன் பெயரை எடுக்காமல் விட்டதுதான் விசித்திரம்.

2006-ல் விற்றார். ஓய்வு பெற்றாயிற்று, முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. தினத்தந்தி வரி விளம்பரத்தில் மூன்று வரி. அந்தக் காலத்து விளம்பரங்களில் வருகிற கார் எல்லாமே 'டாக்டர் உபயோகித்தது'. இவருடையது 'ஆசிரியர் உபயோகித்தது, சிங்கிள் ஓனர்'. உசிலம்பட்டியிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் தன் மெக்கானிக்கோடு வந்தார்.

அந்த மெக்கானிக் பார்த்த விதம் இன்றைக்கும் நினைவில் நிற்கிறது. முதலில் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்: நாம் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க. ஜில்லென்று இருந்தது, முகத்தில் திருப்தி. சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, ஓடுகிற என்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தார். புகை குபுகுபுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் கீழே கசிகிறது என்று கணக்கு. கதவோரத்து பீடிங் ரப்பரைப் பிரித்து, கம்பெனி வைத்த வெல்டிங் புள்ளிகள் வரிசை கலையாமல் இருக்கின்றனவா என்று விரலால் தடவினார். அடிபட்டு டிங்கர் வேலை பார்த்த வண்டியில் அந்த வரிசை காணாமல் போயிருக்கும். பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்று வந்தது. பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. கடைசியாக ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் தெருவில் மெதுவாக ஒரு வட்டம். கடகடவென்று சத்தம் கேட்டால் ஆக்சில் ஜாயிண்ட் போய்விட்டது. மீட்டரை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. "அத யாரு வேணாலும் திருப்பிடுவாங்கய்யா" என்றார், வண்டிக்காரர் முன்னாலேயே.

எல்லாம் முடிந்து மெக்கானிக் சொன்னது, "பரவாயில்ல." வாங்குகிறவரோடு வந்த மெக்கானிக் அதற்கு மேல் பாராட்டினால் விலை ஏறிவிடும். தொண்ணூற்றைந்தில் தொடங்கி எண்பத்தைந்தாயிரத்தில் முடிந்தது. ஆயிரத்தொரு ரூபாய் டோக்கன் அட்வான்ஸ். இரண்டு நாளில் முழுப் பணமும் வந்தது. பெரியம்மா டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டார்.

ஒரு டெலிவரி நோட் எழுதினார்கள். என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், தொகை, தேதி. அதோடு நேரம், நிமிஷம் உட்பட. இந்த நேரம் முதல் இவ்வண்டியால் ஏற்படும் விபத்து, வழக்கு, வரி அனைத்துக்கும் வாங்குபவரே பொறுப்பு என்று ஒரு வாக்கியம். ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் இருவரும் கையெழுத்து. பிறகு பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, ஃபாரம் 30. வாங்குகிறவர் பெயர், தேதி எல்லாம் வெற்றிடமாக விட்டு, கீழே பெரியப்பாவின் கையெழுத்து மட்டும். "நான் போய் பேர் மாத்திக்கிறேங்கய்யா, நீங்க அலைய வேணாம்." எழுபது வயதை நெருங்குகிறவருக்கு இதைவிட இனிப்பான சொல் உண்டா?

அவர் மாற்றவில்லை. சோம்பலோ ஏமாற்றோ அல்ல, வியாபாரக் கணக்கு. பெயர் மாற்றினால் வண்டி 'செகண்ட் ஓனர்' ஆகிவிடும். அடுத்து விற்கும்போது விலை இறங்கும். மாற்றாமல், கையெழுத்துப் போட்ட ஃபாரத்தோடு அப்படியே கைமாற்றினால் காகிதத்தில் என்றைக்கும் 'சிங்கிள் ஓனர்'தான். நம் சந்தை சட்டப்படி நடக்கிறவனுக்கு அபராதம் போடுகிறது. வெற்றுக் காகிதத்தை வைத்திருக்கிறவனுக்குப் பரிசு கொடுக்கிறது. மருந்துக்கடைக்காரர் மூன்று வருஷம் ஓட்டிவிட்டு, 2009-ல் போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்த்தவருக்கு விற்றார். கூடவே அதே டெலிவரி நோட், அதே வெற்று ஃபாரம்.

சட்டம் சொல்வது நேரெதிர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். அதே சட்டத்தின் 2(30) பிரிவில் உரிமையாளர் என்றால் யார் பெயரில் வண்டி பதிவாகி நிற்கிறதோ அவர். ஓட்டுகிறவர், பணம் கொடுத்தவர், வீட்டில் நிறுத்தியிருக்கிறவர் யாரும் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை.

போடிக்காரரிடம் போன சில மாதத்தில் தேனிப் பக்கத்து ஒரு காவல் நிலையத்திலிருந்து பெரியப்பாவுக்கு போன். கார் ஒரு சைக்கிள்காரரை உரசியிருக்கிறது, முழங்கையில் சிராய்ப்பு. பெரியப்பா டெலிவரி நோட்டின் நகலோடு பஸ் ஏறினார். எஸ்.ஐ. நேரத்தையும் நிமிஷத்தையும் படித்துவிட்டு, "நீங்க போங்க சார்" என்று அனுப்பிவிட்டார். அந்தத் துண்டுக் காகிதத்தின் மேல் அவருக்கு அன்றைக்கு வந்த நம்பிக்கை சாகும்வரை போகவில்லை.

சிராய்ப்போடு போனதால் தப்பித்தார். அதே 2009-ல் வடக்கே நடந்த ஒரு விபத்தில் சிறுவன் ஒருவன் இறந்தான். அந்தக் காரை அதன் சொந்தக்காரர் 2007-லேயே விற்றிருந்தார். அதற்குள் கார் இன்னும் சில கை மாறியிருந்தது. பதிவு மட்டும் முதல் ஆள் பெயரில். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: இழப்பீட்டுக்குப் பொறுப்பு பதிவேட்டில் இருக்கும் பெயர்தான். அடிபட்டவர் குடும்பம் ஒவ்வொரு கையாகத் துரத்திக்கொண்டு போக முடியாது என்பது நீதிபதிகளின் வாதம். எனக்கும் அதில் மறுப்பில்லை. டெலிவரி நோட் இரண்டு பேருக்கு இடையிலான சங்கதி. சைக்கிளில் போனவர் அதில் கையெழுத்துப் போடவில்லையே.

2022 அக்டோபரில் கோவை உக்கடத்தில் வெடித்த காரும் பல கை மாறிய ஒரு மாருதி 800-தான். அதன் பழைய சொந்தக்காரர்களை எல்லாம் போலீஸ் ஒவ்வொருவராகத் தேடிப்போனது. அந்த வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா கேட்ட ஒரே கேள்வி: "நம்ம வண்டிக்குப் பேர் மாத்தியாச்சுல்ல?"

மாற்றியாகியிருந்தது. அது நடந்தது 2013-ல், அதுவும் வேறு வழியில்லாமல். சொந்த உபயோக காரின் பதிவுக்கு ஆயுள் 15 வருஷம். அதன் பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். போடிக்காரர் இதற்குள் காரை மெரூன் நிறத்துக்கு மாற்றியிருந்தார். ஆர்.சி.யில் வெள்ளை. ஆய்வாளர் முன் நிறுத்தினால் முதல் கேள்வியே அதுதான் என்று யாரோ சொல்ல, மறுபடி வெள்ளை அடித்தார். பழைய ஃபாரங்கள் மடிப்பில் கிழிந்து நைந்திருந்தன. புதுக் கையெழுத்து வாங்க மதுரைக்கு வந்து கதவைத் தட்டி, "சார் இருக்காங்களாம்மா?" என்றார். பெரியம்மா சுவரில் மாலை போட்ட படத்தைக் காட்டினார்.

மனிதர் நல்லவர். இந்த இடத்தில் பலர் செய்வதுபோல் கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்ளவில்லை. முதலில் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பெரியப்பாவின் பிள்ளைகளான என் இரண்டு அண்ணன்களும் ஆட்சேபம் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் பெங்களூரில், ஒருவர் மஸ்கட்டில். பிறகு ஃபாரம் 31 போட்டு இறந்தவர் பெயரிலிருந்து பெரியம்மா பெயருக்கு. அங்கிருந்து ஃபாரம் 29, 30 போட்டுப் போடிக்காரர் பெயருக்கு. இதில் சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கிற பிரதி வேறு; புது பெயிண்ட் எழுத்துகளை அடைத்துவிட்டதால் மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டினார்கள். செலவு முழுவதும் போடிக்காரருடையது.

ஆக, வீட்டைவிட்டுப் போய் ஏழு வருஷம் ஆன காருக்குப் பெரியம்மா உரிமையாளர் ஆனார், கொஞ்ச நாளைக்கு. ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லாதவர். மூன்று வருஷம் மாத்திரைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அதை ஓட்டிய உசிலம்பட்டிக்காரரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

இன்றைக்குப் பெயர் மாற்றும் வழி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. பரிவாஹன் இணையதளத்தில் விண்ணப்பம் ஓடுகிறது. அதோடு புதுத் தொல்லைகளும் உண்டு. கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை விற்றவர் ரத்து செய்யாமல் விட்டால், வாங்கியவர் தாண்டும் சுங்கச்சாவடிக்கெல்லாம் இவர் கணக்கிலிருந்து பணம் போகும். கேமரா பிடித்த வேகத்துக்கு அபராதமும் இவர் கைபேசிக்கே. நோ கிளெய்ம் போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. அதை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால் அடுத்த காருக்கு உதவும். பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

போடிக்காரர் 2014-ல் காரை விற்றார். இந்த முறை வாங்குகிறவரையே பதிவு அலுவலகத்துக்கு வரச்சொல்லி, பெயர் மாறிய ஆர்.சி. கைக்கு வரும்வரை சாவியைக் கொடுக்கவில்லை. அறுபது கேட்டிருந்தார். வந்தவர் ஆர்.சி.யைப் புரட்டி, "தேர்ட் ஓனரா?" என்று இழுத்தார். நாற்பத்திரண்டாயிரத்தில் முடிந்தது.